மலையேறிப் போன மூவர்

பர்மாவின் வடக்கே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஆற்றில், அதன் போக்கைக் கண்டறிய ஏழு பேரோடு இரண்டு படகுகள் இறங்கின. அந்த நாட்டுக்கு ரயில் வராத காலம். முன்படகில் இருந்தவர் ஞானாதிக்கம். பாளையங்கோட்டைக்காரர். கல்லைத் தட்டிப் பார்த்து நிலத்தின் வயதைச் சொல்வார். அவரிடம் பாடம் கேட்பதற்காகவே பட்டாளத்தை விட்டு வந்தவர் மாசிலாமணி.

மலையிடுக்கில் ஆறு குறுகியது. வளைவுக்கு அப்பால் பெரும் இரைச்சல். கரையில் ஒதுங்கினார்கள். அரிசி பாதி நனைந்து புளித்துப் போயிருந்தது.

“கெட்டிப் பாறை இதோட முடியுது. தாண்டிட்டா தண்ணி அடங்கிரும்” என்றார் ஞானாதிக்கம்.

படகோட்டிகளில் மூவர் நம்பவில்லை.

“உங்க கல்லை நம்பி நாங்க சாக முடியாது ஐயா. மலையேறி அந்தப் பக்கம் இறங்கிக்கிறோம்” என்றார் அவர்களில் மூத்தவரான சூசை.

ஞானாதிக்கம் மறுக்கவில்லை. புளிக்காத அரிசியில் பாதியையும், இருந்த இரண்டு துப்பாக்கிகளில் நல்லதையும் கொடுத்தார். மூவரையும் கட்டிக்கொண்டார்.

மாசிலாமணிக்கு நெஞ்சு கொதித்தது. “ஓடுறவங்களுக்கு எதுக்குய்யா துப்பாக்கி?”

“மேல புலி இருக்கு வே.”

ஒரு படகைக் கரையிலேயே கட்டினார்கள், அவர்கள் மனம் மாறி வந்தால் உதவும் என்று. மிச்சமிருந்த நால்வரும் மற்றதில் ஏறினார்கள்.

வளைவு திரும்பியதும் ஆறு படகைப் பிடுங்கிக்கொண்டது. துடுப்பு ஒடிந்தது. மாசிலாமணி மூச்சு முட்டத் தண்ணீர் குடித்தார். ஒரு பாறை, இன்னொரு பாறை. பிறகு சட்டென்று இரைச்சல் பின்னால் போய்விட்டது. அகன்ற, அமைதியான தண்ணீர். தூரத்தில் ஓர் ஊர்.

ஊரார் சுடுசோறு போட்டார்கள். மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். ஞானாதிக்கம் உட்காரவே இல்லை. நின்றபடி இரண்டு கவளம் விழுங்கினார். மலைக்குப் போகும் வழியை விசாரித்தார். பகல் முழுவதும் மேட்டையே பார்த்தார். யாரும் இறங்கி வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் சோற்று மூட்டையோடு மலைக்குக் கிளம்பினார்.

மாசிலாமணி வழிமறித்தார். “ஐயா, உங்க சொல்லை நம்பாமப் போனவங்க. நீங்க சொன்னதுதானே சரியாப் போச்சு? பிறகு ஏன் இப்படித் தவிக்கிறீக?”

ஞானாதிக்கம் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“சரின்னு நேத்து இங்க வந்து சேர்ந்த பிறகுதானே தெரிஞ்சது. அந்தக் கரையில நின்னப்போ அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது வே.”