நூறு முரசும் நாற்பத்தொரு விதியும்

எந்த நாட்டிலாவது வெள்ளம் முன்கூட்டியே சான்று கொடுத்துவிட்டு வந்ததுண்டா? மங்கலவர்மன் ஆண்ட தென்னங்குடி நாட்டில் அப்படித்தான் வர வேண்டும் என்று விதி இருந்தது. சிரிக்காதீர்கள், முழுசாய்க் கேளுங்கள்.

ராஜா நல்லவர்தான். ஏரிக்கரை ஊர்களுக்கெல்லாம் ஊருக்கொரு அபாய முரசு இனாமாகக் கொடுக்கச் சொன்னார். கரை உடைகிற மாதிரி இருந்தால் முரசை அடிக்க வேண்டும், சனங்கள் மேட்டுக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். நூறு முரசு செய்தாயிற்று. மூன்று வருஷமாகியும் நூறும் அரண்மனைக் கொட்டகையிலேயே கிடந்தன. காரணம், மானிய அதிகாரி வேதாசலம். ஒரு முரசு வாங்குவதற்கு நாற்பத்தொரு விதி எழுதி வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், நாணலூர் ஏரியின் மடையைக் காவல் காக்கும் மாடத்தி சபைக்கு வந்தாள். அவள் வருவது இது பன்னிரண்டாவது தடவை.

“ஐயா, கரையில கை நுழையுற அளவுக்கு விரிசல் விட்டிருக்கு. ஊரு மூணு தெருவாச் சிதறிக் கெடக்கு. நான் தொண்டை கிழியக் கத்துனாலும் கீழத்தெருவுக்குக் கேக்காது. எம்மக நெறமாசமா அங்கதான் கெடக்கா. ஒரு முரசு குடுங்கய்யா.”

வேதாசலம் ஓலைக்கட்டைப் பிரித்தார். “ஏழாம் விதி. ஊருக்கு அபாயம் உண்டு என்பதற்குச் சான்று?”

“அதான் விரிசல் இருக்கே!”

“விரிசல் சான்று ஆகாது. வெள்ளம் வந்திருக்க வேண்டும். வந்த பிறகு வா.”

“வெள்ளம் வந்தா நான் எங்கய்யா இருப்பேன்?”

“விண்ணப்பதாரர் உயிரோடு இல்லையென்றால் மனு தள்ளுபடி. அது எட்டாம் விதி. சரி, முரசை யார் அடிப்பது?”

“நாந்தான்.”

“அரசாங்க அபாய முரசை மூன்று வருஷம் அடித்த அனுபவம் உண்டா?”

“ஒரு முரசும் வெளிய வரலையே! எவனுக்கய்யா அனுபவம் இருக்கும்?”

“அதைத்தான் நானும் சொல்கிறேன். தகுதியான ஆளே இல்லாத நாட்டில் முரசை யாரை நம்பிக் கொடுப்பது?”

ராஜாவுக்குப் பாவமாக இருந்தது. “ஏனம்மா, ஊரில் ஒரு பறை இருக்குமே, அதை அடித்தால் என்ன?”

“கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதத்தான் அடிக்கோம் மகாராசா. அந்தச் சத்தம் கேட்டா சனம் பந்தியத் தேடி ஓடுமே தவிர மேட்டுக்கு ஏறாது.”

ராஜா கையைப் பிசைந்தார். விதி ஒவ்வொன்றிலும் அவருடைய முத்திரைதான் இருந்தது. தானே மீறினால் நாடு என்ன ஆகும்? மாடத்தி சபை நடுவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான் ராஜாவின் விகடன் சங்கிலியாண்டி. வெற்றிலையைத் துப்பினான். மெல்ல எழுந்து வந்து, வேதாசலத்தின் ஓலைக்கட்டை வாங்கி நாற்பத்தொரு விதியையும் எழுத்தெழுத்தாகப் படித்தான். பிறகு வெளியே போனான்.

நடுப்பகலில் ராஜா இலையில் உட்கார்ந்தார். புளிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்ததுதான் தாமதம், சங்கிலியாண்டி நான்கு காவலர்களோடு உள்ளே பாய்ந்தான். “அரண்மனைக்கு அபாயம்! தூக்குங்கடா!” காவலர்கள் ராஜாவை மணையோடு தூக்கிக்கொண்டு பின்பக்கத்துக் குன்றுக்கு ஓடினார்கள். கொட்டும் மழையில் ராஜா கையில் ஒரு அப்பளத்தோடு நின்றார். வேதாசலமும் ஓலைக்கட்டைத் தலைக்குப் பிடித்தபடி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

“வெள்ளம் எங்கேடா?” என்று கத்தினார் ராஜா.

“இருபத்திரண்டாம் விதி மகாராஜா. அபாயம் இல்லாத இடத்தில் அபாய முரசு இருக்கக் கூடாது. மீறி வைத்திருப்பவர், முரசு ஒன்றுக்கு ஒரு நாள் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வேண்டும். நம் கொட்டகையில் நூறு முரசு இருக்கிறது. வேதாசலம் விதியை மீறுகிற ஆளா? சேச்சே! அப்படியானால் நாட்டிலேயே பெரிய அபாயம் அரண்மனைக்குத்தானே?”

“சரி, எப்போது திரும்பிப் போய்ச் சாப்பிடுவது?”

“வெள்ளம் வந்து வடிந்த பிறகுதான். அது இருபத்துமூன்றாம் விதி. இங்கே பக்கத்தில் ஏரியே கிடையாது. அதனால் வெள்ளம் வரக் கொஞ்சம் நாளாகும்.”

ராஜா வேதாசலத்தின் பக்கம் திரும்பினார். “ஓய்! அரண்மனைக்கு அபாயம் உண்டா, இல்லையா?”

உண்டு என்றால் ராஜாவுக்குச் சோறு கிடையாது. இல்லை என்றால் இவருக்கு நூறு நாள் கழுத்தளவு தண்ணீர். வேதாசலம் ஓலைக்கட்டைத் தலையிலிருந்து இறக்கினார். “முரசுகளை... இப்போதே அனுப்பிவிடலாம் மகாராஜா.”

அன்றைக்கே வண்டிகள் கிளம்பின. முதல் வண்டியில் முரசைக் கட்டிப்பிடித்தபடி மாடத்தி உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் நாணலூர்க் கரை உடைந்தது. அதற்கு ஒரு நாழிகை முன்பே முரசு அதிர்ந்துவிட்டது. ஆடு, கோழி, அடைக்கு வைத்த முட்டைக்கூடை எல்லாவற்றோடும் ஊர் மேட்டுக்கு ஏறிவிட்டது. மாடத்தியின் மகளைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். வீடுகள் போயின, உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. அடாத மழையிலும் மேட்டின் மேல் பேத்தி பிறந்தாள்.

மறுவாரம் மாடத்தி நன்றி சொல்லச் சபைக்கு வந்தாள். ராஜா வாய் திறப்பதற்குள் வேதாசலம் எழுந்துவிட்டார்.

“நாற்பத்தொன்றாம் விதி. முரசு பயன்பட்ட அறிக்கை வேண்டும். வெள்ளத்தில் செத்தவர் எத்தனை பேர்?”

“ஒருத்தருமில்லய்யா.”

வேதாசலத்தின் முகம் மலர்ந்தது. “ஒருவர்கூட இல்லையா? அப்படியானால் அங்கே அபாயமே இல்லை! முரசை வீணாக அடித்திருக்கிறாய். திருப்பிக் கொடு!”

சங்கிலியாண்டி பதில் சொல்ல வாயெடுத்தான். மாடத்தி முந்திக்கொண்டாள்.

“அந்தக் குறை உங்களுக்கு வேண்டாம்யா. அடுத்த வெள்ளத்துக்கு நீங்க எங்க மடையில வந்து உக்காருங்க. முரசுச் சத்தம் கேட்டதும் நாங்க ஓடிருதோம். நீங்க நாப்பத்தொரு விதியையும் பாத்துட்டு நிதானமா வாங்க. அறிக்கையில எழுத ஒரு பேரு கெடச்சிரும்.”

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தன் முத்துமாலையைக் கழற்றி மாடத்திக்குப் போட்டார். வேதாசலத்தை நாணலூர் மடைக்கு மாற்றி அந்தச் சபையிலேயே உத்தரவு எழுதினார்.