செட்டியார் பொம்மை படுத்த இடம்

"அடியில ஜாக்கி போக மாட்டேங்குதுங்க அம்மணி" என்றார் குழந்தைவேலு.

சசிரேகா காரைப் பார்த்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். தரைக்கும் அதற்கும் நடுவே செருப்பு நுழையும், கால் நுழையாது.

"ஜாக்கி போகாதுங்ணா. காரை மேல வரச் சொல்லுங்க."

"அதுக்குத்தானுங்களே ஜாக்கி?"

சசிரேகா சுற்றும் முற்றும் பார்த்தார்.

குழந்தைவேலு கோயம்புத்தூரில் அரவை மில் நடத்துகிறவர். வயதும் தொப்பையும் சேர்ந்து வந்த காலத்தில் அவருக்கு இந்தக் கார் ஆசையும் வந்தது. காருக்குப் பின்பக்கம் எண்ணெய் சொட்டியது. மெக்கானிக் கையில் கொடுக்க மனசு வரவில்லை. வீட்டு ஷெட்டிலேயே அடியில் படுத்துத் தானே சரிசெய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சசிரேகா பந்தயங்களில் கார் ஓட்டியவர். தன் காரைத் தானே பிரித்துப் பூட்டுகிறவர். வயதில் சின்னவர்தான். ஆனாலும் குழந்தைவேலு அவரைக் குருவாக வரித்துக்கொண்டு, போன் போட்டே உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

சசிரேகா மூலையில் கிடந்த இரண்டு கனத்த பலகைகளை எடுத்துப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் போட்டார்.

"ரிவர்ஸ் எடுங்க."

கார் பலகைமேல் ஏறி நின்றது. இப்போது ஜாக்கி தாராளமாக உள்ளே போனது.

குழந்தைவேலு வாயைப் பிளந்தார். ஒரு வாரமாக அந்தப் பலகைமேல்தான் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"தூக்கிரலாங்களா?"

"கார் ஓடாம எது புடிச்சிருக்குது?"

"ஹேண்ட்பிரேக்குங்க."

"அது எந்தச் சக்கரத்தப் புடிக்கும்?"

"பின்சக்கரத்தங்க."

"நாம எதத் தூக்கப் போறோம்?"

குழந்தைவேலு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு போய் நல்ல கல்லாகப் பார்த்து எடுத்துவந்து, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் அண்டை கொடுத்தார்.

கார் மேலே போனது. மறுநாள் ஆயுத பூஜை. ஜாக்கிக்கு இப்போதே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"மில்லு வேனையே தூக்குன ஜாக்கிங்க. அப்பா காலத்துல இருந்து ஒரு தடவைகூட ஏமாத்துனதில்ல."

சசிரேகா ஜாக்கியின் கழுத்தை விரலால் தடவினார். விரலைப் பார்த்துவிட்டுத் துணியில் துடைத்துக்கொண்டார்.

குழந்தைவேலு பாயை விரித்துப் படுக்கப் போனார்.

"இருங்ணா. ஒடையக் கூடாதுன்னு நெனைக்கற பொருள் ஒண்ணு கொண்டாங்க."

எதற்கு என்று கேட்காமல் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார்.

"இது ஒடைஞ்சா வருத்தப்படுவீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இது வேண்டாம்."

வீட்டுக்குள் கொலு வைத்திருந்தது. மனைவி அம்சவேணி சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். குழந்தைவேலு பூனைபோல் உள்ளே போய், பூனைபோல் வெளியே வந்தார். கையில் செட்டியார் பொம்மை. மளிகைக் கடைக்கு முன்னால் செட்டிச்சியோடு ஜோடியாக உட்கார்ந்திருக்கும் மண் பொம்மை. அம்சவேணிக்குத் தாய் வீட்டுச் சீதனம். கொலு முடிகிறவரை படியிலிருந்து இறக்கவே கூடாது.

"இது ஒடைஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிருவா."

"சரி. படுத்தா உங்க நெஞ்சு எங்க வரும்?"

காட்டினார்.

"அங்க வெய்ங்க."

குழந்தைவேலுவின் கை தயங்கியது. பொம்மையைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"வேற எங்கயாச்சும் வெக்கட்டுங்களா?"

"ஜாக்கி ஏமாத்தாதுன்னீங்களே?"

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. கையை நீட்டிப் பொம்மையை உள்ளே வைத்தார். தொப்பையும் மீசையுமாக அது அவரைப் பார்த்துச் சிரித்தது.

"கை எடுத்துட்டீங்களா? வாங்க, டீ குடிக்கலாம்."

இருவரும் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். சசிரேகா பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினார்.

அப்பாவின் ஜாக்கியைப் பற்றி குழந்தைவேலு சொல்லிக்கொண்டே இருந்தார். பாதிப் பேச்சில் நிறுத்தினார்.

கார் இறங்கிக்கொண்டிருந்தது.

சத்தமே இல்லை. யாரும் தொடவில்லை. தூக்கத்தில் தலை சாய்கிற மாதிரி, சந்தனம் குங்குமத்தோடு ஜாக்கி தணிந்துகொண்டே வந்தது. அவர் எழுந்திருப்பதற்குள் அடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

அவ்வளவுதான்.

குழந்தைவேலுவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அவ்வளவு பயத்தை அவர் வாழ்க்கையில் அறிந்ததில்லை.

"நான் உள்ள இருந்திருப்பேனுங்க அம்மணி."

"டீ ஆறுதுங்ணா."

குடித்தார். பாதி சட்டையில் போனது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?"

"வெரல்ல எண்ணெ பட்டுது. எண்ணெ கசியற ஜாக்கி ரொம்ப நேரம் தாங்காதுங்ணா."

"சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருந்தா புது ஜாக்கி வாங்கிட்டு வந்து, அத மட்டும் நம்பிப் படுத்திருப்பீங்க."

குழந்தைவேலு ஆமாம் என்று தலையாட்டினார்.

சசிரேகா தன் கார் டிக்கியிலிருந்து வேறொரு ஜாக்கியையும், மூன்று கால் விரித்து நிற்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டையும் இறக்கினார். காரை மீண்டும் தூக்கினார். இடமும் வலமும் காரின் உறுதியான இடம் பார்த்து ஸ்டாண்டுகளை நிறுத்தினார். பிறகு ஜாக்கியை இறக்கினார்.

ஜாக்கி இறங்கியது. கார் இறங்கவில்லை.

"தள்ளுங்க."

குழந்தைவேலு மெல்லக் கை வைத்தார்.

"அப்படியில்லைங்ணா. கோவத்தோட தள்ளுங்க."

தோள் கொடுத்துத் தள்ளினார். மூச்சு வாங்கத் தள்ளினார். கோயில் தூணைத் தள்ளியதுபோல் இருந்தது.

"இப்ப போங்க."

பாயில் படுத்து உள்ளே நகர்ந்தார். அண்ணாந்து பார்த்தார். இத்தனை நாள் இதற்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறார். இது இவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே அத்தனை இரும்பும் அசையாமல் நின்றது. கும்பிடத் தோன்றியது.

முதுகில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தார். பாதி மீசை.

அப்போது வீட்டு வாசலிலிருந்து அம்சவேணியின் குரல் கேட்டது.

"ஏனுங்க, கொலுப்படியில செட்டிச்சி மட்டும் தனியா உக்காந்திருக்கறா. செட்டியாரு எங்கீங்க?"

சசிரேகா பிளாஸ்க்கை மூடினார்.

குழந்தைவேலு வெளியே வந்தார். சட்டை முழுக்க மண் பொடி. எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண் கலங்கியிருந்தது.

"இங்கதான் இருக்கறேன் வேணி" என்றார்.