மொட்டைப் பள்ளிக்கூடத்தின் கடைசித் தேர்வு

வடிவகம் என்று ஒரு வடிவமைப்புப் பள்ளி இருந்தது. நாற்காலியானாலும் கரண்டியானாலும் பூவேலை கூடாது, வேலைக்கு எது தேவையோ அது போதும் என்று அடம்பிடித்த பள்ளி. ஊரில் அதற்கு மொட்டைப் பள்ளிக்கூடம் என்று பெயர். ஊர் வாய் சும்மா இருக்குமா?

அங்கே மெய்யம்மை நாலு வருஷமாக அச்சுக்குத் தமிழ் எழுத்து வரைந்துகொண்டிருந்தாள். மாஸ்டர் குழந்தைராஜ் வந்து பார்ப்பார், "ம்" என்பார், போய்விடுவார். நல்லது என்றும் சொன்னதில்லை, கெட்டது என்றும் சொன்னதில்லை. கடைசித் தேர்விலாவது வாயைத் திறப்பார் என்று அவள் காத்திருந்தாள்.

தேர்வன்று காலை, வாசல் கேட்டில் அரசாங்க அறிவிப்பு ஒட்டியிருந்தது. மெய்யம்மை மாஸ்டரிடம் ஓடினாள்.

"மாஸ்டர், நம்மளை மூடிட்டாங்க."

"என்ன போட்டிருக்கு?"

"மானியத்தை நிறுத்திட்டாங்களாம். இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டடத்தைக் காலி பண்ணணும். சாவியைத் தாசில்தார் ஆபீஸ்ல ஒப்படைக்கணும்." மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் எழுத்து தேறுமா தேறாதான்னு இனி யார் சொல்வாங்க? நாலு வருஷமும் வீணாப் போச்சு."

அவர் செருப்பை மாட்டினார். "வா."

கேட்டருகே சின்னக் கூட்டம். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த பால்காரர், சைக்கிளில் உட்கார்ந்தபடியே அறிவிப்பை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்திலும் திக்கவில்லை.

"கிழிச்சிடட்டுமா மாஸ்டர்?"

"இன்னொரு தடவை பாரு. சேதியை விடு."

பார்த்தாள். 'கீழ்க்கண்ட' என்ற சொல்லில் கண் நின்றது. எத்தனையோ தடவை அழித்து அழித்து அவள் வரைந்த அதே ழகரம்.

"இது என்னோடது."

"அரசு அச்சகத்துல கேட்டாங்க, கொடுத்துட்டேன். உன்கிட்டச் சொன்னா இன்னும் திருத்தணும்னு பிடிச்சு வச்சுக்குவே. இனி அவங்க அறிவிப்பெல்லாம் இதுலதான் வருமாம்." மாஸ்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நம்மளை மூடுறதுக்கும் நம்ம எழுத்துதான் வேண்டியிருக்கு பாத்தியா."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெருமை தாங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் தேறிட்டேனா மாஸ்டர்?"

"நீயே பெத்த எழுத்து. அது உன் கண்ணுலயே படல. நேரா சேதியைப் படிச்சிட்டு ஓடி வந்தே. இதுக்கு மேல என்ன மார்க் போடச் சொல்றே?"