வாசல் தெரியாத பொட்டி

அந்தக் காலத்துல, பறவையும் பாம்பும் வாய் ஓயாம பேசிக்கிட்டிருந்தப்ப... இருங்க, உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நரி வரும், காக்காவ ஏமாத்தும், கடைசியில நீதி ஒண்ணு கெடைக்கும்னுதானே உக்காந்திருக்கீங்க? நரிக்கு இன்னிக்கு லீவு. நீதியும் கெடையாது. வந்தது மரங்கொத்தி.

அப்ப அவரு காட்டுக்கே தச்சர். மரத்தக் கொத்தவே மாட்டாரு, இழைப்பாரு. சாரைப்பாம்பு தொல்லை தாங்காம ஒரு மைனா வந்து, "அண்ணே, குஞ்ச ஒளிச்சு வெக்க ஒரு பொட்டி செஞ்சு குடுங்க"ன்னு கேட்டுச்சு. செஞ்சாரு பாருங்க! பூட்டு இல்ல, கீல் இல்ல, மூடி எதுன்னே தெரியாது. ஒரு பலகைய லேசாத் தள்ளினா இன்னொண்ணு நகரும், அதுக்கப்புறம்தான் மூடி வழுக்கிக்கிட்டு வரும்.

"எந்தப் பலகைண்ணே?"

"சொல்லிட்டா அப்புறம் என்னம்மா ரகசியம்? தெறக்கத்தான் நான் இருக்கேனே!"

அன்னிக்கே சாரை வந்துச்சு. அவரு சட்டுனு குஞ்ச உள்ள வெச்சு மூடினாரு. சாரை பொட்டியச் சுத்திச் சுத்தி நாக்கால தடவிப் பாத்துச்சு. இடுக்கே இல்ல. "தூ!"ன்னு போயிருச்சு.

"அண்ணே, தெறங்க."

அவரு அலகால டொக். காத வெச்சுக் கேட்டாரு. பின்பக்கம் போயி டொக்.

"பசியில கத்துதுண்ணே!"

"மொதல்ல அத வாய மூடச் சொல்லு. பலகைச் சத்தம் கேக்கல."

"நீங்க செஞ்சதுதானே?"

"செஞ்சது வெயில்ல. இப்பத் தூறுது. மரம் ஊறி இறுகிப்போச்சு."

"எந்தப் பக்கம்ணே ஊறிச்சு?"

"எல்லாப் பக்கமும்!"

"பாம்பே தேவலண்ணே. அதுக்கு வாய் எங்க இருக்குன்னாவது தெரியும்!"

உள்ள குஞ்சோட சத்தம் தேய ஆரம்பிச்சுச்சு. மைனா திட்டறத நிறுத்திட்டு அவரையே பாத்துச்சு. அவரு தலையப் பின்னால கொண்டுபோயி, தான் இழைச்ச பலகையிலயே ஓங்கி ஒரு கொத்து. இன்னொண்ணு. வட்டமா ஓட்டை விழுந்துச்சு. குஞ்சு தலைய நீட்டுச்சு.

"இதாம்மா அந்த ரகசிய வாசல்"னாரு, மரத்தூளத் தட்டிக்கிட்டே. "கடைசியாக் காட்டலாம்னு இருந்தேன்."

குஞ்சு கெடைச்ச நிம்மதியில மைனா மரியாதையாத் தலையாட்டுச்சு. வேடிக்கை பாத்துக்கிட்டிருந்த ஓணானுக்குத்தான் பொறுக்கல. "அட போங்கண்ணே! தெறக்கறது எப்படின்னு மறந்துபோயில்ல ஒடைச்சீங்க!"

அன்னியிலேர்ந்துதான் மரங்கொத்தி எந்த மரத்தப் பாத்தாலும் அந்த ரகசிய வாசலத் தேடி ஒரு தட்டு தட்டி, காது குடுத்து, பின்பக்கம் போயி இன்னொரு தட்டு தட்டறாரு. கடைசியில எரிச்சல் தாங்காம அவரு போடற ஓட்டையில, மைனா ஒரு வார்த்தை கேக்காம குடியேறிக்குது.