பூரணத்தின் கால் அளவு

"மூணுல எது டீச்சர் நல்லது?"

ஏசுவடியான் மூன்று தாள்களைப் பட்டறை மேசைமேல் விரித்தார். கம்ப்யூட்டரில் இருப்பதற்கு நகல் எடுத்து வைக்க மூன்று கம்பெனிகள் கொடுத்த திட்டங்கள். ஒன்று இணையம் வழியாக எங்கோ தூரத்தில் சேமித்து வைக்கும். ஒன்று ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி மதுரையில் பூட்டி வைக்கும். மூன்றாவது இரண்டையும் செய்யும்.

பாளையங்கோட்டையில் செயற்கைக் கால் செய்கிறவர் அவர். இரண்டாயிரத்துச் சொச்சம் பேருடைய கால் அளவு அந்தப் பட்டறையின் கம்ப்யூட்டரில் இருந்தது. தீயோ வெள்ளமோ வந்தால் அத்தனையும் போய்விடுமே என்று அவருக்குப் பயம்.

ஷமீமா டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. சிறு தொழில் செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். அந்த வகுப்பில் ஏசுவடியான் முதல் பெஞ்சு.

டீச்சர் தாள்களைத் தொடவில்லை.

"இப்ப நகல் ஏதும் இருக்கா?"

"இருக்கே! நாகர்கோவில்ல தங்கச்சி வீட்டுல ஒரு டிஸ்க். மாசாமாசம் நானே இங்க எடுத்துட்டு வந்து ஏத்தி, திரும்பக் கொண்டுபோய் வச்சிட்டு வாரேன்."

டீச்சர் குனிந்து வயர்களைக் கழற்றினார். கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் தாரேன். அதுவரைக்கும் இது எரிஞ்சு போச்சுன்னு வச்சுக்கிடுங்க."

ஏசுவடியான் சிரித்தார். வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் சும்மாதான் கிடந்தது.

மறுநாள் காலை பட்டறை திறந்ததும் பூரணம் வந்தார். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். செயற்கைக் காலில், மீதிக் காலைச் செருகும் மேல்கிண்ணம் விரிசல் விட்டிருந்தது. கக்கத்தில் கட்டை ஊன்றி வந்திருந்தார்.

"பழைய அளவு இருக்கும்மா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்."

ஏசுவடியான் தங்கைக்குப் போன் செய்தார். தங்கை மாப்பிள்ளை டிஸ்க்கோடு கார் எடுத்தார். வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது.

வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் டிஸ்க் நன்றாக ஓடியது. கடவுச்சொல் கேட்டது.

யாரும் திறந்துவிடக் கூடாது என்று அவரே போட்ட பூட்டு. அந்தச் சொல்லை அவர் மனதில் வைத்துக்கொண்டதில்லை. கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்திருந்தார். டீச்சர் தூக்கிப்போன கம்ப்யூட்டரில்.

மனைவி பெயரைப் போட்டுப் பார்த்தார். மகள் பிறந்த நாள். சர்ச் பெயர். கல்யாண வருஷம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூரணம் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, திங்கக்கிழமை எம்பது பிள்ளைகளுக்கு உலை வைக்கணும். நடந்திருவேன்லா?"

மறுபடி அச்சு எடுத்தால் நான்கு நாள் ஆகும். ஏசுவடியானுக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீச்சரைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

எதிரே வேப்பமரத்தடியில் ஒரு கார் நின்றது. உள்ளே டீச்சர். மடியில் கம்ப்யூட்டர் பெட்டி.

"எப்ப வந்தீங்க?"

"நீங்க கடை திறக்கறதுக்கு முன்னாடியே."

"வெயில்ல இவ்வளவு நேரமா!"

"யாராவது வருவாங்கல்லா. அவங்களை நட்டாத்துல விட முடியுமா?"

பெட்டிக்கு வயர்களை மாட்டிய நாலே நிமிடத்தில் பூரணத்தின் கால் அளவு திரையில் வந்தது. சாயங்காலம் பூரணம் பட்டறையின் நீளத்துக்கு இரண்டு தடவை நடந்து பார்த்தார். மூன்றாவது தடவை கட்டையை விட்டுவிட்டு நடந்தார்.

அவர் போன பிறகு ஏசுவடியான் தாள்களை எடுத்தார். டீச்சரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று கம்பெனிகளுக்கும் வரிசையாகப் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்.

"சார், என் கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சுன்னு வச்சுக்கிடுங்க. பூரணம்னு ஒரு அம்மா பெஞ்சுல காத்திருக்காங்க. அவங்க கால் அளவு எத்தனை மணிக்கு என் கைக்கு வரும்?"

முதல் கம்பெனிக்காரர் எவ்வளவு இடம் தருவோம் என்று சொன்னார். இரண்டாமவர் மதுரைக் கட்டடத்துக்கு எத்தனை காவலாளிகள் என்று சொன்னார்.

மூன்றாமவர் சொன்னார்:

"தெரியலைங்க ஐயா. நாளைக்கு வாரேன். உங்க கம்ப்யூட்டரை அணைச்சு வச்சிட்டு, ரெண்டு பேருமா எடுத்துப் பாப்பமா?"

ஏசுவடியான் மூன்றாவது தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

டீச்சர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.