விளக்கேற்ற அனுமதி

“மனித உரிமைச் சட்டத்தை மலைமேல ஏத்தறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளுதுங்கம்மா” என்றார் வக்கீல் சபாரத்தினம்.

உமையாள் அம்மை மலையடிவாரத்தில் குடில் போட்டு இருப்பவர். வயதில் வக்கீலைவிட இளையவர்தான். ஆனாலும் கோர்ட்டில் யாருக்கும் அடங்காத சபாரத்தினம், இந்தக் குருவின் முன்னால் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார். அன்று அம்மையே வக்கீல் வீட்டுக்கு வந்திருந்தார்.

“இப்ப யாரு மேல கோபம்?”

“நஞ்சி மேலதான். வாசப்படியில உக்காந்திருக்குது பாருங்க.”

நஞ்சி மலையில் பிறந்தவர். காய்ச்சலில் இறந்த மகளை அங்கே காட்டுக்குள்தான் புதைத்தார்கள். பிறகு அந்தக் காட்டைச் சரணாலயமாக்கி, வேலி போட்டு, மலைக்காரர்கள் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார்கள். மகளுக்குச் சோறு வைக்கப் போன நஞ்சியை வேலியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குத்தான் வழக்கு.

“ஒரு பைசா வாங்காம வாதாடறேன். ‘இந்த ஏழைத் தாய்க்கு ஆண்டில் ஒருநாள் கருணை கூர்ந்து அனுமதி வழங்க வேண்டுகிறோம்’னு மனு எழுதியிருக்கேன். படிச்சா ஜட்ஜே கண்ணத் தொடச்சுக்குவாரு. ஆனா நஞ்சி கைநாட்டு வைக்க மாட்டேங்குது. நாளைக்கு மனுவக் குடுக்காம விட்டா கேஸே போச்சு!”

“ஏனாம்?”

“அனுமதிங்கற வார்த்தை வேண்டாமாம். ஒரு வார்த்தையில என்னங்கம்மா இருக்குது?”

அம்மை வாசல் பக்கம் திரும்பி நஞ்சியைப் பார்த்தார்.

விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருந்தது. வக்கீல் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கூடத்திலிருந்த மனைவியின் படத்துக்கு முன்னால் போனார். மனைவி போனதிலிருந்து இதை ஒருநாளும் அவர் விட்டதில்லை. பாவம், அந்த நேரத்தில் மட்டும் அவர் வக்கீல் இல்லை.

அம்மை எழுந்து வந்து குறுக்கே நின்றார். தீப்பெட்டியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இன்னைக்கு அனுமதி இல்ல.”

“விளையாடாதீங்கம்மா.”

“வருஷத்துல ஒருநாள் வேணா தர்றேன். கொஞ்சம் உருக்கமாக் கேளுங்க, பார்க்கலாம்.”

“அம்மா, நேரமாச்சு...”

“அழறதா இருந்தா அதுக்குத் தனியாக் கேக்கணும்.”

வக்கீலின் முகம் சிவந்துவிட்டது. குருவின் முன்னால் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. அன்று உயர்ந்தது.

“என் பொண்டாட்டிக்கு நான் விளக்கு வைக்க, அனுமதி குடுக்க நீங்க யாரு?”

வீடு முழுக்கக் கேட்டது. வாசலில் நஞ்சிக்கும் கேட்டது.

அம்மை தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

சபாரத்தினம் விளக்கை ஏற்றினார். அழுகை வந்தது, அழுது முடித்தார்.

பிறகு மனுவோடு வாசலுக்குப் போய், படியில் நஞ்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அனுமதி என்று எழுதியிருந்த வரியை அடித்தார்.

“என்னன்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்கம்மா.”

நஞ்சி மலையைப் பார்த்தார்.

“எம் புள்ள அங்க இருக்குது. நான் போவேன்னு எழுதுங்க.”