கஞ்சி வந்த பக்கம்

தேரிக்காட்டில் வழி கேட்டுக்கொண்டு போனவர்கள் போய்ச் சேர்ந்ததில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல் மேடு, நடுநடுவே பனை. ஆடிக் காற்று ஒரு மேட்டை அள்ளிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் வைத்துவிடும். நேற்று நடந்த தடம் இன்றைக்கு இருக்காது. கால் போகிற போக்கில் போனால்தான் தொர்க்காளம்மாவின் குடிசை வரும்.

சுவிசேஷமுத்து ஊன்றுகோலை மணலில் குத்திக் குத்தி அப்படித்தான் போனார்.

தொர்க்காளம்மா ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். வேலையை விட்டுவிட்டுத் தேரிக்குள் ஓலைக்குடிசை போட்டு, ஜெபமும் மௌனமுமாக இருந்தார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். சுவிசேஷமுத்துவுக்கோ அறுபது தாண்டிவிட்டது. "மகள் வயசுப் பொம்பளகிட்டயா பாடம் கேக்கப் போறீரு?" என்று கோயில் வாசலில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மனசு குழம்பினால் அவர் கால் அங்கேதான் போகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சுவிசேஷமுத்துவைப் போல ஸ்தோத்திரம் சொல்கிற ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. தண்ணீர் குடித்தால் ஸ்தோத்திரம். பஸ்ஸில் இடம் கிடைத்தால் ஸ்தோத்திரம். தொலைந்த செருப்பு அகப்பட்டால் அதற்கும் வானத்தைப் பார்த்து ஒரு ஸ்தோத்திரம். கேட்டுக் கேட்டு ஆண்டவருக்கே காது வலித்திருக்கும்!

அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. தரையோடு தரையாக மணல் புகைபோல் ஓடிக்கொண்டிருந்தது. பனைகளின் அடி தெரியவில்லை. எல்லாம் மிதப்பதுபோல் இருந்தது. அம்மா குடிசைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. கால் எப்படி இருக்கு?"

"கால் கூடிட்டுதும்மா. வீடுதான் உடைஞ்சு கிடக்கு."

"என்ன ஆச்சு?"

"கிரேனாப்பு போயிட்டா."

கிரேனாப்பு அவர் மனைவி.

"சண்டையா?"

"ஒரு சொல் சண்டை இல்லம்மா. அதுதானே எனக்கு விளங்கல."

அவர் மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கிறிஸ்துமஸுக்குக் கோயில் உச்சியில் நட்சத்திரம் கட்ட ஏறினார்; ஏணி சறுக்கியது; தொடையெலும்பு போனது. பெரிய வெள்ளி கழிந்த பிறகும் படுக்கைதான். குளிப்பாட்டியது, புரட்டிப் போட்டது, சட்டி வைத்து எடுத்தது எல்லாம் கிரேனாப்பு. எழுந்து நடந்ததும் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார். பந்தல், நாற்காலி, பிரியாணி.

"குறையில்லாம நன்றி சொன்னேம்மா. முதல்ல ஆண்டவருக்கு. பிறகு பாதிரி ஐயருக்கு, டாக்டருக்கு, வந்து ஜெபிச்சவங்களுக்கு, மைக் செட்டு போட்டவனுக்குக்கூட. எல்லாருக்கும் கண்ணு கலங்கிட்டு."

"கிரேனாப்பு எங்க இருந்தா?"

"அடுப்படியில. சோறு வடிக்கணும்லா?"

"பிறகு?"

"மறுநாள் பையைத் தூக்கிட்டா. 'நீங்க ஆண்டவரோடயே இருங்க. அவருதானே எல்லாம் செஞ்சாரு'ன்னா. அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. ஆளனுப்பிக் கூப்பிட்டும் வரல. இனி வருவாளான்னே தெரியல. நான் ஸ்தோத்திரம் சொல்லாத நாளே இல்லையேம்மா. எனக்கு ஏன் இப்படி?"

அவர் கண் நிறைந்துவிட்டது. தொர்க்காளம்மா காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வேணும் அண்ணாச்சி. கிணத்துல ஒரு வாளி இறைச்சுட்டு வாங்க."

கேட்ட கேள்விக்கு இதுவா பதில்? இருந்தாலும் போனார். தேரிக் கிணறு ஆழம். கயிறு கையை அறுத்தது. ஒரு காலை இழுத்து இழுத்து வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா ஒரு செம்பு மொண்டு குடித்தார். முகத்தை வானத்துக்குத் தூக்கினார்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்! என்ன ருசியான தண்ணி!"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சுவிசேஷமுத்து வாளியோடு நின்றார்.

உச்சிப் பொழுதில் காற்று கூடியது. தெற்குப் பக்கத்து ஓலைத்தட்டி பிய்ந்து மணல் குடிசைக்குள் கொட்டியது. அவர் நொண்டியபடி போய்த் தட்டியைப் பிடித்துக்கொண்டார். பனைநாரால் இறுக்கிக் கட்டி முடிப்பதற்குள் காது, மூக்கு, வாயெல்லாம் மணல். சட்டை சிவந்துபோயிற்று. அம்மா உள்ளேயிருந்து அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"காத்தை அடக்கினீரே ஆண்டவரே, ஸ்தோத்திரம்!"

அடக்கியது யார் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

அந்தப் பொழுது எப்படிப் போனதென்று அவருக்குச் சொல்லத் தெரியாது. எதிரே இருந்த மேடு நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. தூரத்தில் கோயில் மணி கேட்டதுபோலவும் இருந்தது, கேளாததுபோலவும் இருந்தது. தான் உண்மையில் அங்கே இருக்கிறோமா, வீட்டுக் கட்டிலில் கிடந்து கனவு காண்கிறோமா என்றுகூடச் சந்தேகம் வந்தது. தூக்கத்தில் கூப்பிட்டால் குரல் வெளியே வராதே, அப்படி ஒரு தவிப்பு.

வெயில் தாழ்ந்ததும் அம்மா சொன்னார். "பசிக்குது அண்ணாச்சி. கஞ்சி காய்ச்சுங்க."

வாழ்நாளில் அடுப்பு ஊதியறியாத மனுஷன்! சுள்ளி பொறுக்கினார். புகையில் கண் எரிந்தது. அடிப்பிடிக்காமல் கிண்டினார், விரலைச் சுட்டுக்கொண்டார், தேங்காய் கீறித் துவையல் அரைத்தார். மண்சட்டியில் ஊற்றி, அம்மாவின் முன்னால் வைத்து, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்தார். அவர் தலைக்கு மேலாக ஒரு பனையின் உச்சியைப் பார்த்தார்.

"கர்த்தாவே, ஸ்தோத்திரம்! இந்த மாதிரிக் கஞ்சி நான் குடிச்சதே இல்ல."

சுவிசேஷமுத்து பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டார்.

"அம்மா! காய்ச்சினது நானம்மா! ஒருத்தன் இங்கன நிக்கேன்லா!"

"அப்படியா? நீங்க இங்கயா இருந்தீங்க?"

"காலையிலேர்ந்து இங்கதானே இருக்கேன்! கை அறுந்து, கண்ணு எரிஞ்சு, விரலைச் சுட்டு... உங்க கண்ணுல நான் படவே இல்லையா? ஒரு பார்வை... ஒரே ஒரு பார்வை பாத்தாப் போதுமே..."

பேச்சு அங்கேயே நின்றுபோனது. அவருடைய வாயிலிருந்து வந்தது அவருடைய குரல்தான். ஆனால் அந்தச் சொற்களைச் சொல்லவேண்டிய ஆள் வேறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊன்றுகோலைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கஞ்சியைக் குடித்து முடித்தார்.

"அப்போ ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லக் கூடாதா அம்மா?"

"சொல்லணும் அண்ணாச்சி. நல்லாச் சொல்லணும்."

"மேல பாத்துத்தானே சொல்லணும்?"

தொர்க்காளம்மா காலிச் சட்டியை அவர் கையில் கொடுத்தார். இந்தத் தடவை அவர் கண்ணைப் பார்த்தார்.

"கஞ்சி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

மறுநாள் மத்தியானம் சுவிசேஷமுத்து மச்சினன் வீட்டுக்குப் போனார். மச்சினன் வீட்டில் இல்லை. கிரேனாப்பு தனியாக இருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. பசியோடு வந்தவருக்குச் சோறு போடாமல் இருக்க அவளால் முடியாது. தட்டு வைத்தாள், சோறு போட்டாள், சாளைமீன் குழம்பு ஊற்றினாள்.

ஊற்றுகிற கையை அவர் பார்த்தார். மணிக்கட்டில் பழைய துணி சுற்றியிருந்தது. அவரைத் தூக்கித் தூக்கி உட்காரவைத்த கை. எத்தனை நாளாகச் சுற்றியிருக்கிறாளோ! அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பழக்கம் விடுமா? முகம் தானாக மேலே போனது. அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முகத்தைக் கீழே இறக்கினார்.

நன்றி என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். இப்போது அது மைக்கில் சொன்ன சொல்லாக நாக்கில் ஒட்டிக்கொண்டது. கட்டின பெண்டாட்டியிடம் அதை எப்படிச் சொல்வது?

"கிரேனாப்பு."

அவள் திரும்பவில்லை.

"நீ சாப்பிட்டியா?"

கரண்டி குழம்புச் சட்டியில் அப்படியே நின்றது.

"என்ன கேட்டீங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"இல்ல."

அவர் ஊன்றுகோல் இல்லாமலே எழுந்தார். சுவரைப் பிடித்து நடந்துபோய் இன்னொரு தட்டை எடுத்துவந்தார். சோறு போட்டார். குழம்பை ஊற்றும்போது பாதி தரையில் சிந்தியது. சாளையில் நடுத்துண்டாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தார்.

"உக்காரு."

உட்கார்ந்தாள். தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜெபம் பண்ணலையா?" என்று கேட்டாள்.

"நீ பண்ணு."

அந்தக் குடும்பத்தில் அவள் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. அதற்கெல்லாம் அவர்தான் இருந்தாரே. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கண்ணை மூடாமல், அவரைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, இவரு எனக்குச் சோறு போட்டுட்டாரு. ஸ்தோத்திரம். இவரு கால் இன்னும் சரியாகல. வெயில் தாழ நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பணும். கூட வாரும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

சுவிசேஷமுத்து அவளைப் பார்த்தபடியே ஆமென் சொன்னார்.